குளம் நமது, குஞ்சு யாருடையது?

வன்னிச் சிறு குளமொன்றின் கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த எழுவர் சில காலத்துக்கு முன் எம்மை நாடி வந்தனர். வீட்டுக்கு வீடு பணம் சேர்த்து, தங்கள் குளத்தில் விடுவதற்காகக் கட்லா, ரோகு மீன்குஞ்சுகளும் நன்னீர் இறால் குஞ்சுகளும் கேட்டிருந்தார்கள். கார்த்திகையில் வரும் என்று வாக்களிக்கப்பட்ட குஞ்சு மாசியில் வந்தது. விரலளவு இருக்கவேண்டியது விரலின் பாதியளவே இருந்தது. ஆடி பிறந்ததும் குளம் வற்றிற்று. சேற்றிலே துள்ளிய மீன் சந்தைக்குப் போகும் பருவத்தை எட்டவில்லை. கொக்கும் நாரையும் தின்றது போக எஞ்சியதை அள்ளிப் பகிர்ந்துகொண்டு கலைந்தார்கள். கையிலிருந்த பற்றுச்சீட்டை எம் முன் நீட்டி, "வழக்குத் தொடுக்கலாமா ஐயா?" என்று கேட்டார் மூத்தவர்.

அச்சீட்டை வாங்கிப் பார்த்தோம். ஒரு தொகையும் ஒரு முத்திரையும் அதில் இருந்தன. எந்தத் திகதிக்குள் குஞ்சு தரப்படும், எவ்வளவு நீளமிருக்கும், எண்ணித் தருவது யார், எண்ணிப் பெறுவது யார் என்று ஒரு சொல்லும் இல்லை. இருந்த சில வரிகளும் அவர்கள் படிக்கும் மொழியில் இல்லை. சட்டம் படித்த நாம் அந்த எழுவருக்கும் சொல்லக்கூடியதாயிருந்த மறுமொழி ஒன்றுதான்: "உங்கள் நட்டம் உண்மை, ஆனால் அதை நிறுவுவதற்கு இக்கடதாசியில் ஒன்றுமில்லை." அவர்கள் தலைகுனிந்து போனார்கள். தலைகுனிய வேண்டியவர்கள் அவர்களல்லர் என்பதனாலேயே இதனை எழுதுகிறோம்.

மீன் வளர்ப்பு ஆராய்ச்சி என்றதும் அது விஞ்ஞானிகளின் விஷயம், நமக்கென்ன என்று புத்தகத்தை மூடிவிடுவோர் நம்மிடையே பலர். அந்த எண்ணமே நம் குளங்களை வெறுங்குளங்களாக்கியது. ஆராய்ச்சி எதைக் கண்டது என்று அறியாதவன், அது தனக்கு மறுக்கப்பட்டது என்பதையும் அறியமாட்டான். ஆகவே முதலில் ஆராய்ச்சி கண்டதைச் சொல்வோம்.

கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய இந்தியக் கெண்டைகள் ஓடும் ஆற்றிலே முட்டையிடும் இனங்கள். கட்டுண்ட குளத்து நீரில் அவை கொழுத்து வளரும்; ஆனால் இனம் பெருக்கா. இத்தடையை உடைத்தவர் ஹிராலால் சௌத்ரி. 1957 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் திகதி, ஒரிசாவிலே, மீனின் கபச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்தார். அன்று முதல் ஆற்றங்கரையில் குஞ்சு பொறுக்கித் திரியவேண்டிய நிலை ஒழிந்தது. இந்தியா அந்நாளை இன்றும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது.

இறாலின் கதை இன்னும் விசித்திரமானது. இராட்சத நன்னீர் இறால் நம் தீவுக்கும் உரிய உயிர். அது நன்னீரில் வாழும். ஆனால் அதன் குடம்பி நன்னீரில் பிழைக்காது. இந்த இரகசியத்தை 1961 ஆம் ஆண்டில் மலாயாவின் பினாங்கிலே கண்டவர் லிங் ஷாவோ-வென். ஏறக்குறைய ஒரு பங்கு கடல்நீரோடு இரு பங்கு நன்னீர் கலந்த உவர்நீரில் மூன்று முதல் ஐந்து வாரம் வளர்ந்து, பதினொரு பருவங்களைக் கடந்த பின்னரே குடம்பி சிற்றிறாலாகி நன்னீருக்குத் திரும்பும். ஹவாய்த் தீவிலே ஃபுஜிமுரா என்பார் அதே தசாப்தத்தில் இதைப் பெருந்தொகையாகச் செய்யும் வழியை வகுத்தார்.

இவ்விரு கண்டுபிடிப்புகளிலிருந்தும் பிறக்கும் உண்மையைக் கமக்காரர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்தவேண்டும். குளத்தில் விட்ட கெண்டையும் இறாலும் அக்குளத்திலே தாமாகப் பெருகா. அணைக்கட்டின் மேலே வளரும் இறால், முட்டை பொரிப்பதற்குக் கடலோரம் போய் மீள வழியில்லை. ஆகவே ஆண்டுதோறும் புதிய குஞ்சு வேண்டும். வயலுக்கு விதைநெல் எப்படியோ, குளத்துக்குக் குஞ்சு அப்படி. விதைநெல்லைச் சொந்தக் கோற்காலியில் காத்துவைக்கும் கமக்காரன், மீன்குஞ்சுக்கு மட்டும் பிறர் வாசலில் நிற்கிறான். குஞ்சுப் பொரிப்பகத்தின் திறப்பு யார் மடியில் இருக்கிறதோ, குளத்தின் விளைவும் அவர் மடியிலேயே இருக்கிறது.

இது கற்பனை அச்சமா? வரலாறு மறுமொழி சொல்லட்டும். இத்தீவின் நீர்நிலைகளில் திலாப்பியா 1952 ஆம் ஆண்டில் விடப்பட்டது. அது தானே முட்டையிட்டுத் தானே பெருகும் மீன். அதன் மீதும், பின்னர் வந்த கெண்டை ஆராய்ச்சி மீதும் உள்நாட்டு மீன்பிடி எழுந்து நின்றது. 1989 ஆம் ஆண்டில் உள்நாட்டு நீர்நிலைகளில் பிடிபட்ட மீன் ஏறக்குறைய 40,000 தொன். அடுத்த ஆண்டு, 1990 இல், ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசாவின் அரசாங்கம் உள்நாட்டு மீன்வளத்துக்கான அரச ஆதரவை ஒரே முடிவில் விலக்கிக்கொண்டது. ஆராய்ச்சி தோற்றதனால் அன்று. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமயக் காரணத்தினால். மீன்குஞ்சு நிலையங்கள் கைமாறின. சில அலங்கார மீன் வளர்ப்போருக்குக் குத்தகையாகப் போயின. 1994 இல் பிடிபட்ட தொகை ஏறக்குறைய 12,000 தொன்னாகச் சரிந்திருந்தது. அவ்வாண்டு ஆட்சி மாறிய பின்னரே அரச ஆதரவு மீண்டது.

நம்முள்ளும் புலால் மறுத்தோர் உளர். அவர்களது நெறியை வணங்குகிறோம். ஆனால் உண்ணாதிருப்பது ஒருவன் தன்மீது இட்டுக்கொள்ளும் விரதம். அதை அரசாங்கம் பிறன் குளத்தின்மீது இடும்போது அது விரதமன்று, கட்டளை. அக்கட்டளையின் விளைவையும் பாருங்கள். அரசின் தயவில் பிறக்கவேண்டியிருந்த கெண்டைக்குஞ்சு தயவு நின்றதும் நின்றது. யாருடைய தயவுமின்றித் தானே பெருகிய திலாப்பியா குளத்திலே எஞ்சியது. தயவில் வாழ்வதற்கும் தன் காலில் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்பேசும் மக்களுக்கு இதைவிடத் தெளிவாக எந்த அரசியல் ஆசானும் போதிக்க முடியாது.

1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. அது செய்த நற்பணிகளை நாம் மறுக்கவில்லை. ஆராய்ச்சியும் உறங்கவில்லை. களனிப் பல்கலைக்கழகத்து உபாலி அமரசிங்க, அவுஸ்திரேலியாவிலிருந்து உழைத்த சேன டி சில்வா முதலிய அறிஞர்கள் கிராமியக் குளங்களை ஆராய்ந்தார்கள். வடகீழ்ப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் சிறு குளம், நீருள்ள மாதங்களில் நல்ல மீன்விளைவு தரவல்லது என்று காட்டினார்கள். அவ்விளைவுக்குக் குறுக்கே நிற்பது தண்ணீரன்று, மண்ணன்று. ஏற்ற அளவுள்ள குஞ்சு ஏற்ற காலத்தில் வந்து சேராமையே என்றும் எழுதினார்கள். அறிவுக்கு இனமில்லை, அவர்கள் உழைப்பை நன்றியோடு ஏற்கிறோம். எமது வழக்கு ஆராய்ச்சியாளரோடு அன்று. அவர்கள் சொன்னதைக் கேட்டும் கார்த்திகைக் குஞ்சை மாசியில் அனுப்பும் நிருவாகத்தோடு.

அந்த எழுவரின் குளத்திலே நேர்ந்தது விதியின் விளையாட்டன்று. குஞ்சு பிந்தினால் குளம் பொய்க்கும் என்று அச்சில் வெளிவந்து ஆண்டுகள் பல கழிந்தன. ஆனால் எந்த மொழியில் வெளிவந்தது? ஆங்கிலத்தில். யார் படித்தார்? பிற ஆராய்ச்சியாளர். பணம் கொடுத்துக் குஞ்சு வாங்கிய கமக்காரனுக்கு, "மாசியில் வரும் குஞ்சைத் திருப்பி அனுப்பு" என்று தமிழிலே சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு கூறுகிறது. அரசியலமைப்பின் வாக்கியம் பற்றுச்சீட்டு வரை இறங்கி வராவிட்டால் அது யாருக்காக எழுதப்பட்டது?

சட்டத்தை இன்னும் சற்று நோக்குவோம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி, மாகாணத்துள் அடங்கிய நீர்ப்பாசனம் மாகாணப் பட்டியலில் இருக்கிறது. ஆட்புல நீர்ப்பரப்புக்கு அப்பாலுள்ள மீன்பிடி நீங்கலான மீன்வளம் ஒருங்கிய பட்டியலில் இருக்கிறது. அஃதாவது, குளத்து நீரில் மாகாணத்துக்கு முழு உரிமை. குளத்து மீனில் பங்குரிமை. ஆனால் உரிமை எழுதப்பட்ட சபைகளின் நிலை என்ன? கிழக்கு மாகாண சபை 2017 இலும் வட மாகாண சபை 2018 இலும் பதவிக்காலம் முடிந்து கலைந்தன. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி மாகாணம் ஆளுநர் கையில் விடப்பட்டது. பங்காளியை வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டுப் பங்கு பற்றிப் பேசுவது எந்த நியாயம்?

எனினும், பழியனைத்தையும் கொழும்பின் தலையில் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. சபை நம் கையில் இருந்த ஐந்தாண்டுகளில் குளத்து மீன்பற்றி நம் மேடைகளில் எத்தனை முறை பேசினோம்? யாழ்ப்பாணத்துப் படித்தவர்களாகிய நாம் கடல்மீன் உண்ட நாவினர். குளத்து மீனில் சேற்று மணம் என்று முகஞ் சுளிப்பவர்கள். பாரையும் விளையும் வாங்க வசதியுள்ளவனுக்கு அது ருசியைப் பற்றிய பேச்சு. கடற்கரையிலிருந்து பல கட்டை தூரத்தில், கூலிக்கு நாற்று நடும் தாயின் பிள்ளைக்கு அது புரதத்தைப் பற்றிய பேச்சு. நம் சுளிப்புக்கு அந்தப் பிள்ளை விலை கொடுக்கிறது.

ஆகவே செய்யவேண்டியது யாது? முதலாவது, குஞ்சுக்குப் பணம் கொடுக்கும் எந்தக் கமக்காரர் அமைப்பும் எழுத்து உடன்படிக்கையின்றி ஒரு சதமும் கொடுக்கலாகாது. இனம், தொகை, நீளம், ஒப்படைக்கும் திகதி, பிந்தினால் பணம் மீளும் முறை ஆகிய ஐந்தும் தமிழில் இருக்கட்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளை அங்கீகரிக்கிறது. அந்த அங்கீகாரம் கூட்டத்தில் நாற்காலி போடுவதற்கு மட்டுமன்று. இத்தகைய உடன்படிக்கையை எழுதிக் கொடுக்க நம் ஊர்ச் சட்டத்தரணிகள் கூலி கேட்கலாகாது.

இரண்டாவது, உங்கள் குளத்தில் எந்த மாதம், எந்த அளவில், எத்தனை குஞ்சு விடப்பட்டதென்று பதிவேடு சொல்கிறது என்பதைக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கேட்டதைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுள் முடிவு சொல்லப்படவேண்டும். பதிவேட்டில் ஓடும் மீனையும் குளத்தில் ஓடும் மீனையும் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, நுண்குஞ்சை வாங்கி அணைக்கட்டின் கீழுள்ள சிறு தடாகங்களில் விரலளவுக்கு வளர்த்து மழையோடு குளத்தில் விடும் வேலையைக் கமக்காரரே ஏற்கட்டும். அது கற்றுக்கொள்ளக்கூடிய தொழில். அப்போது கார்த்திகை மழைக்குக் குஞ்சு காத்திருக்கும். குஞ்சுக்காக மழை காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காவது, இறால். கனகராயன் ஆற்றைப் பாருங்கள். இரணைமடுவின் நன்னீரும் சுண்டிக்குளத்தின் உவர்நீரும் ஒரே ஆற்றின் இரு நிலைகள். குடம்பிக்கு வேண்டிய உவர்நீரும் வளர்ந்த இறாலுக்கு வேண்டிய நன்னீரும் இவ்வளவு அருகருகே அமைந்த மண் நமது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. இரணைமடு அதற்குத் தொலைவிலில்லை. குளத்துக் கூட்டுறவுகளுக்குச் சொந்தமான பொரிப்பகத்தை நிறுவுவதற்குப் பல்கலைக்கழகத்தார் வழிகாட்டட்டும். அவர்கள் செய்யும் ஆராய்ச்சியின் முடிவை ஆண்டுதோறும் காலபோகக் கூட்டத்திலே, கமக்காரர் முன்னிலையில், தமிழில் எழுந்து நின்று சொல்லட்டும். கமக்காரன் கேட்கும் கேள்விக்கு நிற்க முடியாத ஆராய்ச்சி எந்தச் சஞ்சிகையில் அச்சேறினாலும் முடிவடையாத ஆராய்ச்சியே.

இவற்றுள் எதற்கும் பாராளுமன்றத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசியல் உரிமைப் போராட்டத்தை விட்டு மீன் பிடிக்கப் போகச் சொல்கிறோமா என்று சிலர் கேட்பர். அன்று. மண்ணுக்கு உரிமை கேட்பவன் அந்த மண்ணின் நீரில் என்ன விளைகிறது, ஏன் விளையவில்லை என்று அறிந்திருக்கவேண்டும் என்கிறோம். அறியாதவனின் உரிமை மனு, திகதியில்லாத பற்றுச்சீட்டைப் போன்றது.

அந்த எழுவரும் மீண்டும் எம்மிடம் வருவார்கள். இம்முறை கையில் உடன்படிக்கை இருக்கும். அதை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை நாம் ஏற்றுள்ளோம். அடுத்த கார்த்திகைக்குள் உங்கள் ஊர்க் குளத்துக்கு அதனை எழுதுபவர் யார்?