நிறுத்தத் தெரிந்த ஆட்டம்

வீடியோ கேம் என்றாலே பிள்ளைகளைக் கெடுக்கும் சமாச்சாரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நெல்லில் நூறு ரகம் உண்டு என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட, கேமில் எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லைங்க. கையடக்கக் கருவியில் ஆடுகிற புதிர் விளையாட்டு தனி ரகம்.

டெட்ரிஸையே எடுத்துக்குவோம். 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. அவரிடம் இருந்த எலக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். நான்கு சதுரம் சேர்ந்த ஏழு வடிவங்கள். ஒவ்வொன்றாக மேலிருந்து விழும். திருப்பி, நகர்த்தி, இடைவெளி விடாமல் அடுக்கணும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைஞ்சுடும். சட்டம் இவ்வளவுதான். டிராக்டர் டிரெய்லரில் மூட்டை அடுக்கினவனுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். அடியில ஒண்ணு கோணலாப் போனா, மேல போறது அத்தனையும் கோணல்தான்.

இந்த ஆட்டத்துக்குச் சரியான வீடு 1989-ல் கிடைத்தது. நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய குன்பெய் யோகோயின் கொள்கை நம்ம ஊர்க்காரர் கொள்கை மாதிரியே இருக்கும்: விலை கூடின புதுத் தொழில்நுட்பத்துக்குப் பின்னால் ஓடாதே, பழகி மலிவான பொருளை வைத்தே புதுசா யோசி. அதனால் கலர் கிடையாது, பச்சை பூத்த சின்னத் திரைதான். ஆனால் 4 பென்சில் செல் போட்டால் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதே வருஷம் கலர் திரையோடு வந்த அட்டாரி லிங்க்ஸ் 6 செல்லைப் போட்டும் சில மணி நேரத்தில் காலி பண்ணிடும். சந்தையில் ஜெயித்தது கேம் பாய்தான். அமெரிக்காவில் டெட்ரிஸை அதோடு சேர்த்தே கொடுத்தார்கள். கேம் பாய் டெட்ரிஸ் மட்டும் சுமார் 3.5 கோடி பிரதி போயிருக்கிறது. சின்னப் பசங்க மட்டும் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு வராது.

ஏன் பெரியவங்களையும் இழுத்தது? புதிர் நம்ம நேரத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும். ராத்திரி திரீ பேஸ் கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓட ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கு. மடை மாத்த ஆள்தான் வேணும். ஒரு பாத்தி நிறைய கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு ஆட்டம் ஆடலாம். தண்ணி நிறைஞ்சா பாஸ் பண்ணிட்டு மம்பட்டியை எடுக்கலாம். முந்தின கதையை ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்லை. கேம் பாய் டெட்ரிஸில் ‘பி’ வகை ஆட்டம் ஒண்ணு உண்டு. 25 வரிசை முடித்தால் ஆட்டம் முடிஞ்சது. 1995-ல் வந்த மரியோஸ் பிக்ராஸும் அப்படித்தான். ஓரத்தில் இருக்கிற எண்களைப் பார்த்துக் கட்டங்களைச் செதுக்கினால் ஒரு படம் வரும். வந்ததும் மனசு நிறைஞ்சுடும், மூடி வெச்சுடலாம்.

“மாமா, அதே ஆட்டம் போன்லயே ஓசியில கிடைக்குதே?” என்பான் என் மச்சினன். கிடைக்குதுதான். ஆனா ஓசியில வர்ற பல போன் கேம்களைக் கவனிச்சுப் பாருங்க. ஐந்து உயிர் கொடுக்கும். தீர்ந்தால் அரை மணி காத்திரு, இல்லேன்னா காசு கட்டு என்கும். ஆடாமல் விட்டால் மணியடித்துக் கூப்பிடும். நடுவில் விளம்பரம் வேற. அங்கே புதிர் வெறும் தூண்டில் புழு. மீன் நாம்தான்.

டெட்ரிஸும் பிடித்து வைக்கும் என்பது உண்மை. நிறைய ஆடினவர்களுக்குக் கண்ணை மூடினாலும் கட்டை விழும். இதற்கு ‘டெட்ரிஸ் விளைவு’ என்றே பேர் உண்டு. ஆனால் அந்தப் பிடி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தோற்றால் தப்பு என் அடுக்கில். அதைச் சரிபண்ண மறுபடி ஆடுகிறேன். இன்னொரு உயிரை விலைக்கு வாங்க வழியே இல்லை. கருவியையும் ஆட்டத்தையும் விற்றவனுக்கு, நான் அன்னைக்கு அஞ்சு நிமிஷம் ஆடினாலும் அஞ்சு மணி நேரம் ஆடினாலும் ஒரே லாபம்தான். ஓசி கேம்காரனுக்கு அப்படி இல்லை. நான் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்கு அறுவடை.

பட்டணத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒண்ணு சொல்லணும். திரையை எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்று மட்டும் கணக்குப் போடாதீங்க. கையில் இருக்கிற ஆட்டம், காசு கொடுத்து வாங்கின பிறகும் அவனிடம் எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கான்னு பாருங்க. கேட்கலைன்னா ஒரு பழைய கருவியும் நல்ல புதிரும் வாங்கிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். அவன் தூங்கின பிறகு நீங்களும் ஒரு 25 வரிசை அடுக்கிப் பாருங்க.