உச்சரிப்புக் கட்டமும் எல்லையோர மாணவரும்

பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்தது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறிய அந்தக் கட்டாயம் பத்தாம் வகுப்பை எட்டியபோது மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றத்தை நாடினர். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அவ்வாண்டுப் பொதுத்தேர்வின் தமிழ்த் தாளிலிருந்து அம்மாணவர்களுக்கு விலக்களித்தது. கர்நாடக எல்லையோர ஓசூர், தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் வீட்டுப் பிள்ளைகளை நேராகத் தொட்ட ஆணை அது. தேர்வு எழுதுவது பற்றி மட்டுமே அது பேசியது. அதே பிள்ளைகள் விரும்பித் தமிழ் விவாத மேடை ஏறும்போது எப்படி மதிப்பிடுவது என்பதற்கு எந்த ஆணையும் கிடையாது. விடை சொல்ல வேண்டியவர்கள் நடுவர்கள்தாம். இவ்விதழின் நிலைப்பாடு இது: அம்மாணவர்களுக்கு விலக்கும் வேண்டாம், இரக்க மதிப்பெண்ணும் வேண்டாம், விவாதப் போட்டியின் மதிப்பெண் தாளிலிருந்து உச்சரிப்புக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும்.

விவாத நடுவர் தீர்ப்பளிப்பது மேடையில் நடந்த வாதத்தின் மேல். தலைப்பு சரியா தவறா என்பது அவர் தீர்க்க வேண்டிய வழக்கு அல்ல. பட்டிமன்றத்தில் வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது எளிதில் பிடிபடாது. குன்றக்குடி அடிகளார் காலத்திலிருந்து பட்டிமன்ற நடுவரின் தீர்ப்பே ஒரு தனிச் சொற்பொழிவு. இரு அணிகளையும் அரவணைத்து, தம் கருத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு உரிமை உண்டு. போட்டி நடுவருக்கு அந்த உரிமை இல்லை. ‘தொழிற்பேட்டைகளால் ஓசூர் வட்டாரம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா’ என்று தலைப்பு வைத்தால் இங்கே கருத்தில்லாத நடுவரே கிடைக்க மாட்டார். ஒருவரின் தம்பிக்கு அசோக் லேலண்டில் வேலை இருக்கும். இன்னொருவரின் பங்காளி நிலம் சிப்காட்டுக்குப் போயிருக்கும். இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒரு பேச்சாளர் தவறான தகவல் சொல்லி எதிரணி அதை மறுக்காவிட்டால், நாளிதழ் படிக்கும் யாருக்கும் தெரியும் பொய்யை மட்டும் நடுவர் தள்ளலாம். தம் தனி அறிவைக் கொண்டு எதிரணிக்கு வாதாடக் கூடாது.

அணி எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வதும், சொந்தப் பள்ளி பேசும் சுற்றில் அப்பள்ளி ஆசிரியர் நடுவராக இல்லாதிருப்பதும், அணிகளைப் பள்ளிப் பெயரால் அழைக்காமல் எண்ணால் அழைப்பதும் எல்லோரும் ஒப்புக்கொண்டவை. கடைப்பிடிப்பதில்தான் சுணக்கம்.

குறிப்பெடுக்கும் முறைதான் தீர்ப்பின் உயிர். ஒரு வெள்ளைத்தாளை நெடுக்கில் மடித்து, இடப்பக்கம் ஓர் அணியின் ஒவ்வொரு வாதத்தையும், அதன் நேர் எதிரே மற்ற அணி கொடுத்த மறுப்பையும் எழுதிக்கொண்டே போனால் போதும். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும் வரிகளே பதில் பெறாத வாதங்கள். பேச்சு நடக்கும்போதே மதிப்பெண் போட்டு முடிக்கும் நடுவரின் தாளில் இந்த வெற்றிடம் தெரிவதே இல்லை. கடைசியாகப் பேசியவரின் குரல்தான் அவர் நினைவில் நிற்கும்.

மூன்று நடுவர்களின் மதிப்பெண்களையும் கூட்டி முடிவு சொல்லும் வழக்கமும் மாற வேண்டும். முதல் நடுவர் ஓர் அணிக்கு 76, மற்ற அணிக்கு 74 தருகிறார். இரண்டாமவர் 75, 73. மூன்றாமவர் 58, 80. மூவரில் இருவர் முதல் அணியே வென்றது என்கின்றனர். கூட்டினாலோ 209-க்கு 227 என்று இரண்டாம் அணி கோப்பையைத் தூக்குகிறது. தாராளமாக ஏற்றி இறக்கிப் போடும் ஒரே நடுவர் மற்ற இருவரையும் செல்லாக்காசாக்கிவிடுகிறார். உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி முறையில் முதன்மைப் பேச்சுக்கு 60 முதல் 80 வரைதான் போட முடியும். வெற்றியைத் தீர்மானிப்பது நடுவர்களின் பெரும்பான்மை. நம் மாவட்டப் போட்டிகள் இவ்விரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், செலவு ஒன்றுமில்லை.

இனி உச்சரிப்பு. வழக்கமான தாளில் பொருள், மொழிநடை, உச்சரிப்பு, மேடைப் பாங்கு, நேரம் எனக் கட்டங்கள் இருக்கும். பேச்சுப் போட்டிக்கும் ஒப்புவித்தலுக்கும் செய்யப்பட்ட தாள் இது. யோசிக்காமல் விவாதத்துக்கும் நீட்டப்பட்டுவிட்டது. சூளகிரிப் பக்கத்துத் தெலுங்கு வீட்டு மாணவி ஒருத்தி, ‘மளை குறைந்ததால் மட்டும் நிலத்தடி நீர் இறங்கவில்லை, மளை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும் இறங்கியது, ஆகவே ஆள்துளைக் கிணறுகளைத்தான் கேட்க வேண்டும்’ என்று பேசுவதாகக் கொள்வோம். இரண்டு காரணங்களைப் பிரித்து ஒன்றை விலக்கிக் காட்டும் முறையான தருக்கம் அது. எதிரணி மாணவர் ழகரம் தவறாமல், மேற்கோள்கள் ஒளிர, அதற்குப் பதிலே சொல்லாமல் பேசி அமர்கிறார். மாணவி உச்சரிப்பில் இழப்பாள். அதே ஒலிக்காக மொழிநடையிலும் இழப்பாள். அரங்கில் எழுந்த சிரிப்பால் குரல் தளர்ந்திருந்தால் மேடைப் பாங்கிலும் இழப்பாள். ஒரே எழுத்துக்கு மூன்று கட்டங்களில் தண்டனை.

இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் ழகரம் இல்லை. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அதற்குத் தனி எழுத்தே இருந்தது, பிற்பாடு வழக்கொழிந்தது. வீட்டில் இல்லாத ஒலியை வகுப்பறையில் மட்டும் கேட்டு வளரும் பிள்ளை அதைப் பிடிக்கக் காலம் எடுக்கும். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட பல வட்டாரங்களில் ‘பளம்’ என்றும் ‘பயம்’ என்றும் வாழைப்பழம் விற்கிறது. தென்மாவட்டத்துப் பேச்சாளர் வாயில் அது வந்தால் நடுவர் மண்வாசனை என்று முறுவலிக்கிறார். எல்லையோரப் பேரிகை ஊர் மாணவர் வாயில் வந்தால் பிழை என்று கழிக்கிறார். அளவுகோல் ஒலியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கிறது. சிப்காட் வேலைக்கு வந்த இந்தி, ஒடியா, வங்காளக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது நம் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கன்னட மேடை ஏறுகிறார்கள். அவர்களை அங்கே எப்படி மதிப்பிட வேண்டும் என்று நாம் விரும்புவோமோ, அதே முறைதான் இங்கும் வேண்டும்.

தமிழ் மேடையில் தமிழ் சிறக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிறக்க வேண்டும். அதற்குப் பேச்சுப் போட்டி இருக்கிறது, கவிதை ஒப்புவித்தல் இருக்கிறது. அங்கே உச்சரிப்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஒதுக்கலாம். விவாதத்தில் மொழிக்குக் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: சொன்னது கேட்பவருக்கு விளங்கியதா? உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ அயல்மொழியாகவோ கொண்ட அணிகளுக்குத் தனிப் பிரிவுகளில் இறுதிச் சுற்றுகள் உண்டு. நடுவர்கள் அந்த அணிகளை வேறு அளவுகோலால் அளப்பதில்லை. பேசும் தொனிக்காகக் குறைப்பதும் இல்லை. அப்போட்டி 2013 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2014 ஜனவரி முதல் வாரம் வரை சென்னையிலேயே நடந்தது. தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்கள் பிறந்தநாளுக்கு நடத்தும் பேச்சுப் போட்டிகளில் 5000, 3000, 2000 ரூபாய்ப் பரிசுகளோடு, அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தலா 2000 ரூபாய் சிறப்புப் பரிசு தனியே தரப்படுகிறது. தனிப் பரிசு என்ற வழி அரசுக்குத் தெரிந்ததுதான். அதை மொழிச் சிறுபான்மை மாணவருக்கும் நீட்ட ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

போட்டி நடத்தும் அலுவலகங்களின் சுற்றறிக்கைகளில் தேதி இருக்கும், பதாகையின் அளவு இருக்கும், படம் எடுத்து எத்தனை மணிக்குள் பதிவேற்ற வேண்டும் என்பது தடித்த எழுத்தில் இருக்கும். நடுவர் எப்படி மதிப்பிட வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. முதல் நாள் இரவு தொலைபேசியில் அழைத்து, காலை ஒன்பதுக்கு வரச் சொல்லி, தலைப்பைக்கூட மேடையில்தான் காட்டுகிறார்கள். தெலுங்கு வழிப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரை நடுவர் குழுவில் சேர்க்கக் கேட்டால் ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்ற பதில் வருகிறது. அடுத்த முறையும் அதே பதில்தான். இம்மாணவர்களுக்குத் தமிழ் வர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு, ஆசையோடு தமிழ் பேச வந்தவரைக் கட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது எந்த வகை மொழி வளர்ச்சி என்பதை அதிகாரிகள்தான் விளக்க வேண்டும். ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை மறுமுறை பெயர் கொடுப்பதில்லை. அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கடைசியாக, தீர்ப்பு சொல்லும் முறை. கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோல்சவத்தில் முடிவுகளுக்கு மேல்முறையீடு உண்டு. உயர் நீதிமன்றம் வரை போன வழக்குகளும் உண்டு. அந்த அளவு வழக்காடல் இங்கே தேவையில்லை. எந்த வாதம் பதிலின்றி நின்றது, எந்த மறுப்பு தீர்ப்பை மாற்றியது என்று தலைமை நடுவர் அணிகளிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண் தாளும் கையொப்பத்தோடு நகலெடுக்கப்பட்டு அன்றே இரு பள்ளிகளின் கைக்கும் போக வேண்டும். கூட்டல் பிழையும் கால அளவுப் பிழையும் மட்டுமே முறையீட்டுக்கு உரியவை. அவற்றைப் பரிசளிப்புக்கு முன்பே, அந்த அரங்கிலேயே தீர்த்துவிடலாம்.