பஞ்சர் ஒட்ட கொழும்புக்கா போகணும்?



கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன். கோபம் வருகிறவர்கள் முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நமது ஊர்ச் சகோதரர் ஒருவர் போன கிழமை தனது சைக்கிளை வேனில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டு போயிருக்கிறார். பின் டயர் பஞ்சர். வேறொன்றுமில்லை, பஞ்சர்! ஏன் என்று கேட்டால், “சேர், இது எலக்ட்ரோனிக் கியர். பின் சில்லைக் கழற்றினா செட்டிங் எல்லாம் போயிடும். நம்மட ஊர்க் கடைக்காரனுக்கு இதெல்லாம் விளங்காது” என்கிறார். அங்கே ஒரு கடையில் சில்லை மாட்டிக் கொடுத்துவிட்டு, பில்லில் ‘புரோகிராமிங்’ என்று தனியாக ஒரு தொகையும் எழுதியிருக்கிறார்கள். இவரும் கொடுத்துவிட்டு வந்து பெருமையாகக் கதைக்கிறார்.

கழற்றிய சில்லையே திரும்ப மாட்டினால் அங்கே புரோகிராம் பண்ண ஒன்றுமே கிடையாது. செயின் எந்தப் பற்சில்லில் எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு டெரெய்லியரின் பக்கம் இருக்கிறது. சில்லில் ஒரு வயர்கூட இல்லை. வேறொரு சில்லைப் போட்டால் மட்டும் பற்சில்லுகள் ஒரு மயிரிழை உள்ளேயோ வெளியேயோ நிற்கலாம். அப்போது சின்னதாக ஒரு சரிக்கட்டல் தேவை. அதுவும் பட்டனை அமத்திச் செய்கிற வேலை.

இது நேற்று வந்த மாயமும் அல்ல. ஷிமானோவின் டியூரா ஏஸ் டிஐ2 வந்தது 2009இல். ஸ்ராம் கம்பனி வயரே இல்லாத ஈடாப்பை 2015இல் அறிமுகப்படுத்தியது. முன்பு கேபிள் இழுத்ததை இப்போது ஒரு குட்டி மோட்டார் தள்ளுகிறது. சில்லும் அச்சும் செயினும் நம் வாப்பாமார் லுமாலாவில் கண்ட அதே சங்கதிதான்.

கழற்றுமுன் கியரைக் கடைசிச் சின்னப் பற்சில்லுக்குக் கொண்டு வாருங்கள். டெரெய்லியரைக் கையால் பின்னால் இழுத்துப் பிடித்தால் சில்லு வழுக்கி இறங்கும். மாட்டும்போது செயினின் மேல் ஓட்டம் அதே சின்னப் பற்சில்லின் மேல் விழ வேண்டும். டிஸ்க் தகடு பிரேக் கட்டைகள் இரண்டுக்கும் நடுவில் போக வேண்டும். அச்சை அதில் எழுதியிருக்கிற அளவுக்கு இறுக்குங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றி, கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். முடிந்தது.

எலக்ட்ரோனிக்கால் உண்மையிலேயே வித்தியாசப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. கேபிள் கியரில் கேபிளைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கே டெரெய்லியரைச் சின்னப் பற்சில்லுக்குக் கொண்டு வந்துவிடும். இதில் பற்றரி தீர்ந்தால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போதும் சில்லைக் கழற்றலாம், கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும், அவ்வளவுதான். செயின் எந்தப் பற்சில்லில் இருந்தது என்று பார்த்து வைத்து, மாட்டும்போது அதிலேயே போடுங்கள். ஸ்ராம் என்றால் முன் டெரெய்லியரின் பற்றரியைக் கழற்றிப் பின்னால் போடலாம், இரண்டும் ஒன்றேதான்.

“இலட்சக் கணக்கில் கொடுத்து வாங்கினது, உடைஞ்சா யார் பொறுப்பு?” என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஆனால் பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுகிறீர்கள். சில்லு வெளியே இருக்கும்போது பிரேக்கை அமத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு தகடு உள்ளே போகாது. சைக்கிளைச் செயின் பக்கமாகக் கிடத்தினால் டெரெய்லியரைத் தாங்குகிற அலுமினியத் துண்டு வளையும். அது வளைந்தால் எந்தக் கியரும் ஒழுங்காக விழாது. இதில் எது எலக்ட்ரோனிக்? அந்த வளைவைப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர் நம் சந்தியில் இருக்கிறார். அவரைத்தான் “விளங்காது” என்கிறோம்.

2022இல் பெற்றோல் கியூவில் நாம் காய்ந்துகொண்டிருந்தபோது, வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை ஓட வைத்தது யார்? இரவு பத்து மணிக்கும் அந்தக் கடைகளில் லைட் எரிந்தது மறந்துபோச்சா? அன்று “காக்கா, காக்கா” என்று காலைச் சுற்றினோம். இன்று விலை கூடிய சைக்கிள் வந்ததும் அவர் “கடைக்காரன்” ஆகிவிட்டார்.

கடைக்காரக் காக்காமாருக்கும் ஒரு சொல். “வேணாம் வாப்பா, பெரிய சாமான், நான் தொட மாட்டன்” என்று கையைத் துடைத்துக்கொண்டு திரும்பாதீர்கள். நீங்கள் தொடாததால்தான் இந்தப் பயம் வளருது.

என் மாணவர்களையும் விடமாட்டேன். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை பற்சில்லு விகிதம் கணக்கை மூன்று வரியில் செய்து காட்டுது. கழன்ற செயினை மாட்டச் சொன்னால் கையை முதுகுக்குப் பின்னால் மறைக்குது. கறுப்பு ஒட்டிவிடுமாம்! அது சவர்க்காரம் போட்டால் போகும் மகன்.

வருகிற சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு பாடசாலை மைதானத்துக்கு வாருங்கள். காக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேபிள் கியர், எலக்ட்ரோனிக் கியர், கியரே இல்லாதது, எதுவும் பரவாயில்லை. பின் சில்லை நீங்களே கழற்றி நீங்களே மாட்ட வேண்டும், அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். கொழும்புக்குப் போய்வந்த சகோதரருக்கும் சொல்லியாயிற்று. பற்றரியைச் சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள், பழைய துணி ஒன்றும் எடுத்து வாருங்கள்.