பரிசோதனை கேடயமாகட்டும், சாட்டையாக வேண்டாம்

2022 தொடக்கத்தில் ஒமைக்ரான் அலை மருத்துவமனைகளின் படுக்கைகளைவிட, அங்கே பணிபுரியும் மனிதர்களையே முதலில் தாக்கியது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நூற்றுக்கணக்கான மருத்துவர்களும் செவிலியர்களும் தொற்றுக்கு ஆளாயினர். இவர்கள் எப்போது பணிக்குத் திரும்புவது? மருத்துவம் சார்ந்ததாகத் தோன்றும் இக்கேள்வி, உண்மையில் உழைப்பாளரின் உரிமை பற்றிய கேள்வியும் ஆகும்.

ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரி 5 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வீட்டுத் தனிமையில் இருப்போர், தொற்று உறுதியாகி 7 நாள்கள் கடந்து, தொடர்ந்து 3 நாள்கள் காய்ச்சல் இல்லாதிருந்தால் வெளியே வர முடிந்தது, மறுபரிசோதனை தேவைப்படவில்லை. பொதுமக்களுக்கு இது பொருந்தலாம். ஆனால் டயாலிசிஸ் பிரிவிலும், புற்றுநோய் வார்டிலும், பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் நிற்கப்போகும் செவிலியருக்கு நாள்காட்டி மட்டுமே போதுமா?

இங்கேதான் துரித ஆன்டிஜென் பரிசோதனை பயன்படுகிறது. ஆர்டிபிசிஆர் பரிசோதனை, நோய் பரப்பும் ஆற்றல் ஓய்ந்த பின்னும் வாரக்கணக்கில் வைரஸின் எச்சங்களைக் காட்டக்கூடும். அதை அளவுகோலாக்கினால் நலமடைந்தவர்களும் வீணே வீட்டில் முடங்குவர். துரித பரிசோதனையோ, உடலில் வைரஸ் மிகுந்திருக்கும் காலத்தையே பெரும்பாலும் சுட்டுகிறது. அரை மணி நேரத்திற்குள் முடிவும் தருகிறது. அதே வேளையில், ஒருமுறை 'நெகட்டிவ்' வந்தால் ஆபத்து அறவே இல்லை என்று பொருளாகாது. எனவேதான் பிரிட்டன், தனிமைக் காலத்தைக் குறைத்தபோதும், அடுத்தடுத்த இரு நாள்களில் இரு பரிசோதனைகளை நிபந்தனையாக்கியது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. தனிமைக் காலத்தை 5 நாள்களாக்குமாறு டெல்டா விமான நிறுவனத்தின் தலைமை அதிகாரி 2021 டிசம்பர் 21 அன்று கடிதம் எழுதினார். டிசம்பர் 27 அன்று, நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொதுமக்களுக்கான காலத்தை 10 நாள்களிலிருந்து 5 ஆகக் குறைத்தது, பரிசோதனையைக் கட்டாயமாக்கவில்லை. கலிபோர்னியா மாகாணமோ, தொற்று இருந்தும் அறிகுறி இல்லாத சுகாதாரப் பணியாளர்கள் தனிமையும் பரிசோதனையும் இன்றி உடனே பணிக்குத் திரும்பலாம் என்று 2022 ஜனவரியில் அனுமதித்தது. செவிலியர் சங்கங்கள் கண்டித்தன. ஆள் பற்றாக்குறை அறிவியலுக்குக் கட்டளையிட்டது.

அந்தப் பற்றாக்குறை நம் நாட்டில் இயற்கையாக விளைந்ததா? முதுநிலை நீட் கலந்தாய்வு மாதக்கணக்கில் தாமதமானதால் உறைவிட மருத்துவர்களின் ஓர் ஆண்டு அணியே பணியில் சேரவில்லை. எஞ்சியோர் இரட்டைச் சுமை தாங்கினர். 2021 டிசம்பரில் தில்லி வீதிகளில் போராடினர். சுகாதாரத்திற்கான அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவோம் என்ற 2017 தேசிய சுகாதாரக் கொள்கையின் வாக்குறுதியோ 2022 தொடக்கத்திலும் எட்டாத் தொலைவிலேயே இருந்தது. ஆட்சியாளர்கள் உருவாக்கிய பள்ளத்தை நோயுற்ற பணியாளரின் உடலால் நிரப்ப முயல்வதை ஏற்க முடியாது.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், வார்டு உதவியாளர், 'தன்னார்வலர்' என்று பெயர் சூட்டப்பட்ட ஆஷா பணியாளர் ஆகியோரின் நிலை இன்னும் கொடியது. ஊதியத்துடன் கூடிய விடுப்பு இல்லாதவருக்கு 'பாசிட்டிவ்' முடிவு என்பது அடுப்பு எரியாத நாள்கள். அவர் பரிசோதனையையே தவிர்க்க நேரும். நோய் வார்டுக்குள் நுழையும். வீட்டில் செய்துகொள்ளும் கருவி 2021இல் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 250 ரூபாய். அதைப் பணியாளரே வாங்கவேண்டும் என்பதும் கொடுமையே. பணியில் தொற்றி இறந்தால் 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று 2020இல் அறிவித்த அரசு, உயிரோடிருப்பவருக்கு ஒரு வார ஊதிய விடுப்பை உறுதிசெய்ய ஏன் தயங்கியது?

எனவே நாம் கோருவது: ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 7 நாள் தனிமையைக் குறைக்கலாகாது. பணிக்குத் திரும்புமுன் 24 மணி நேர இடைவெளியில் இரு துரித பரிசோதனைகளை நிர்வாகமே இலவசமாகச் செய்யவேண்டும். 'நெகட்டிவ்' வந்தாலும் காய்ச்சலோ இருமலோ உள்ளவரைப் பணிக்கு அழைக்கலாகாது. நிரந்தரம், ஒப்பந்தம், ஆஷா என்ற வேறுபாடின்றி தனிமைக் காலம் முழுவதற்கும் ஊதியம் வேண்டும். தரமான என்95 முகக்கவசங்கள் வழங்கி, காலிப் பணியிடங்களை நிரப்பவேண்டும்.

2020 மே மாதம் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. அந்த மலர்கள் அன்றே வாடிவிட்டன. சுகாதாரப் பணியாளர்களின் பாதுகாப்பு, நோயாளிகளின் பாதுகாப்பிலிருந்து பிரிக்க முடியாதது. இதை மக்களிடம் எடுத்துச் சொல்லி, மருத்துவமனை வாயில்களில் நடக்கும் போராட்டங்களுக்குத் துணைநிற்பது நம் தோழர்களின் உடனடிக் கடமையாகும்.