திரையில் மின்னும் துவக்கு

டிஸ்கவரி தொலைக்காட்சி 2011இல் ‘அமெரிக்கன் கன்ஸ்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. கொலராடோக் குடும்பமொன்று வாடிக்கையாளர் விருப்பப்படி துவக்குச் செய்யும் காட்சி அது. துவக்கறிந்தோர் ஐயுற்றனர், பல வாரம் அராவிப் பொருத்தும் வேலை ஒரு மணி நேரத்தில் முடியுமோ என வினவினர். திரை மறைத்ததோ அதனினும் பெரிது. கடைக்காரர் ரிச் வையாட், அனுமதிப்பத்திரமின்றி ஆயுதம் விற்றமைக்காக 2017இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்.

இங்கோ, 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி, பன்றியிடமிருந்து பயிர்காக்கும் கமக்காரனும் அனுமதிப்பத்திரம் பெற்றே துவக்கு ஏந்தலாம். போர் தின்ற மண் நமது. துவக்கு நமக்கு விளையாட்டன்று.

வண்ணத்தில் மயங்கிப் படகு வாங்குவோர் குருநகரில் இலர்; பொருத்தைத் தட்டிப் பார்ப்பர். திரையையும் நாம் அவ்வாறே தட்டிப் பார்ப்போம். கைத்திறனை மெச்சுவோம், சட்டத்தை மறைக்கும் பகட்டை மெச்சோம்!