படகு நிற்கும் நாளில் தொடங்கும் அனர்த்தம்

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே இழப்பு மிக அதிகம். அங்கே மலைச்சரிவுகள் குடும்பம் குடும்பமாக மனிதர்களைப் புதைத்தன. அந்தத் துயரத்தின் முன்னால் யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தானா என்று சிலர் கேட்கலாம். ஆனால் இழப்பை நாம் எண்ணும் முறையே தீவுகளைத் தொடர்ந்து தவறவிடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

மழை பெய்யும் நாட்களில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வெளியிடும் அறிக்கைகளைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள், இறந்தோர், காணாமற்போனோர், முழுமையாகவும் பகுதியளவிலும் சேதமடைந்த வீடுகள், நலன்புரி நிலையங்களில் தங்கியிருப்போர் என்று எண்ணிக்கைகள் இருக்கும். ஒரு தீவுக்குப் படகு ஓடாத நாட்கள் எத்தனை என்பதற்கு அங்கே இடமில்லை.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குத் தரைவழி உண்டு. பண்ணைப் பாலமும் தாம்போதிகளும் அவற்றை யாழ். நகரோடு இணைக்கின்றன. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகாட்டுவானில் இருந்து படகேற வேண்டும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையில் இருந்து போக வேண்டும். நெடுந்தீவுக்கான கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் சேவை நிறுத்தப்படும். அது சரியான முடிவே. அந்தக் கடலில் பயணிகளை ஏற்றக் கூடாது.

ஆனால் அந்த அறிவித்தல் வந்த கணத்திலிருந்து தீவில் அனர்த்தம் தொடங்கிவிடுகிறது. தொழிலுக்குப் போக முடியாததால் கடற்றொழிலாளியின் அன்றைய வருமானம் நின்றுவிடும். மரக்கறி, பால்மா, எரிபொருள் வராது. கர்ப்பிணியையோ நெஞ்சுவலி வந்தவரையோ யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமென்றால் கடற்படைப் படகையோ ஹெலிகொப்டரையோ எதிர்பார்த்திருக்க வேண்டும். தாமதத்தால் ஒருவர் இறந்தால் பதிவேட்டில் மாரடைப்பு என்றே எழுதப்படும். புயலின் கணக்கில் அந்த மரணம் சேராது.

யாழ். நகரில் இருப்பவர்களுக்கு இது புரியாத விடயமல்ல. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பிறகு குடாநாடே ஒரு தீவானது. கப்பல் எப்போது வரும் என்று காத்திருந்து, சங்கக்கடை வரிசையில் நாங்கள் சீனிக்கும் மாவுக்கும் நின்றோம். அந்தப் பாதை மூடியிருந்தபோதுதான், 2008 நவம்பரில், நிஷா புயலின் பெருமழையும் வந்தது. வன்னியில் இடம்பெயர்ந்த மக்கள் தறப்பாள்களுக்குள் அந்த மழையை நனைந்தே கழித்தார்கள். வழி அடைபட்ட இடத்தில் மழை என்ன செய்யும் என்பதை அனுபவித்த சமூகம் நாம். 2009-இல் பாதை திறந்தது, எங்களுக்கு அது முடிந்தது. நெடுந்தீவுக்கு ஒவ்வொரு மாரியிலும் அது திரும்பி வருகிறது.

வெள்ளம் வடிந்த பிறகும் தீவின் பாதிப்பு முடிவதில்லை. குடாநாட்டைப் போலவே தீவுகளிலும் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீரே கிணற்று நீர். வெள்ளம் மலசலகூடக் குழிகளை நிரப்பிக் கிணறுகளுக்குள் இறங்கினால் அந்த நீர் குடிக்க உதவாது. கடல்நீர் தரவைகளைத் தாண்டி வயலுக்குள் ஏறினால் மண்ணும் உவராகும். அதேவேளை, தேக்கியிருக்க வேண்டிய மழைநீர் கடலுக்குப் போய்விடும். மாரியில் வெள்ள நிவாரணம் கேட்ட அதே குடும்பம் கோடையில் பவுசர் தண்ணீருக்குக் காத்திருப்பது இதனால்தான்.

இதில் போரின் பங்கும் இருக்கிறது. 1990, 1991-ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளோடு தீவக மக்களில் பெரும்பாலானோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பலர் திரும்பவில்லை. குளத்தைத் தூர்வாருவதும் வாய்க்காலைத் துப்பரவாக்குவதும் உவர்நீர்த் தடுப்பணைக்கு மண் போடுவதும் ஊர் கூடிச் செய்த வேலைகள். ஊர் கலைந்தபோது அந்த வேலைகளும் நின்றன. இன்று வெள்ளம் ஓட வேண்டிய வழி பற்றை மண்டிய தனியார் காணிகளுக்குள்ளால் போகிறது. காணிக்காரர் கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கிறார். புலம்பெயர்ந்த உறவுகள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் தாராளமாக உதவுகிறார்கள். காணிக்குள்ளால் வாய்க்கால் வெட்ட ஓர் எழுத்துமூல அனுமதி தருவதும் அதற்குக் குறையாத உதவிதான்.

டித்வாவுக்குப் பின்னர் வெள்ளம் புகுந்த வீட்டைத் துப்பரவு செய்ய 25,000 ரூபாவும், முற்றாக அழிந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் ரூபா வரையும் அரசாங்கம் அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வீட்டை அளவுகோலாகக் கொண்ட எந்தத் திட்டத்திலும் உவரான கிணறும் தொழிலின்றிப் போன வாரமும் பின்னுக்குத் தள்ளப்படும். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்து விழுந்தன. வீட்டுக் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. குடும்பத்தின் சீவனோபாயம் போய்விட்டது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மழை தொடங்குமுன், ஒக்டோபருக்குள், படகில் மட்டுமே போகக்கூடிய நான்கு தீவுகளிலும் இரண்டு வாரத்துக்கான உலருணவும் மருந்தும் எரிபொருளும் இருப்பில் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே, கடல் கொந்தளிக்க முன்னர், பிரசவ நாள் நெருங்கியோரையும் தொடர் சிகிச்சையில் இருப்போரையும் யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவர வேண்டும். அவர்கள் தங்க இடமும் படியும் கொடுக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பின் கிணறுகளைப் பரிசோதித்துக் குளோரின் இடுவது நிவாரணத்தின் பகுதியாக வேண்டும். படகு ஓடாத ஒவ்வொரு நாளையும் பிரதேச செயலகங்கள் பதிந்து மாவட்ட அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதிலிருந்தே தொடங்கலாம். ஒரு மாரி முழுவதும் அந்த நாட்களை எண்ணி வைத்தால், அடுத்த வரவு செலவுத் திட்டத்தின்போது தீவகத்துக்கு எவ்வளவு தேவை என்று கேட்க எங்கள் கையில் ஒரு கணக்காவது இருக்கும்.