மானியம் பண்ணைக்காரருக்கு, பட்டிக்காரருக்கு என்ன?



"பன்னி வளர்க்க என்ன படிப்பு வேண்டிக் கெடக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. வெண்பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள். நாளைக் குறித்து வைக்காவிட்டால், ராத்திரி ஈன்ற குட்டி தாய்க்கு அடியிலேயே நசுங்கிச் சாகும். சிமெண்டுத் தரையில் வளரும் குட்டிக்கு முதல் வாரத்திலேயே இரும்புச்சத்து ஊசி போடாவிட்டால் சோகை பிடிக்கும். ஓட்டல் கழிவைக் கொதிக்க வைக்காமல் ஊற்றினால் நோயை நாமே அழைத்து வந்த மாதிரி. 2020-ல் அசாமில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைக் குணமாக்க மருந்து கிடையாது. ஒரு பட்டியில் கண்டால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள அத்தனை பன்றியையும் கொல்ல வேண்டும் என்பது விதி. ஒருத்தர் அறியாமல் செய்தது ஊரையே கவிழ்த்துவிடும்.

காட்டுப்பாக்கம் போன்ற இடங்களில் இதையெல்லாம் சொல்லித் தருகிறார்கள், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிறவர் பஸ் ஏறிப் போய் அங்கே தங்க முடியுமா? பக்கத்தில் நடந்த ஒருநாள் வகுப்பிலோ படம் காட்டி, டீ கொடுத்து, சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊசி பிடிக்க யாரும் கற்றுத் தரவில்லை.

தேசிய கால்நடை இயக்கத்தில் 2021-22 முதல் பன்றிப் பண்ணைக்குப் பாதி மானியம் உண்டு. அதற்குப் பயிற்சியோ அனுபவமோ காட்ட வேண்டும். 50 பெட்டை, 5 ஆண் என்று கணக்கும் சொல்கிறார்கள். ரெண்டு பன்றி வைத்திருப்பவர் எங்கே போவது?

நாங்கள் கேட்பது மூன்றே. ஒன்றியந்தோறும் பட்டியிலேயே கைப்பழக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சி நாளுக்குக் கூலிப்படி வேண்டும். ஐந்து பன்றி வளர்ப்பவருக்கும் மானியம் வேண்டும்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் கேட்போம். திரண்டு வாரீர்!